வெளிநாட்டு டூரிஸ்ட் டாக்ஸ், லெவி, நுழைவுக் கட்டணம்: தனியாக எவ்வளவு எடுத்து வைப்பது?

பெருமாள்மலை பானு

எல்லோருக்கும் வணக்கம். காலாண்டு லீவில் குடும்பத்தோடு வெளிநாடு போகலாம் என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. நான், அவர், மாமியார், பிள்ளைகள் இரண்டு பேர் (பெரியவனுக்கு 11, சின்னவளுக்கு 7). சீசனில் அவர் டாக்சியை விட்டு நகர முடியாது, அதனால் ஏப்ரல், மே எங்களுக்குக் கிடையாது. ஐந்து இரவு தங்குவதாகத் திட்டம். மாமியாருக்கு பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும். அவருக்கு பூட்டான் ஆசை. பிள்ளைகள் பாலி என்கிறார்கள்.

டிக்கெட், ரூம், சாப்பாடு எல்லாம் ஓரளவு கணக்குப் போட்டாயிற்று. பிடிபடாதது இந்த டூரிஸ்ட் டாக்ஸ், சிட்டி டாக்ஸ், லெவி சமாச்சாரம்தான். ஒரு வீடியோவில் பூட்டானுக்கு ஆளுக்கு ஒரு இரவுக்கு 200 டாலர் என்கிறார்கள். இன்னொன்றில் ஐரோப்பா போகிற எல்லோரும் புதிதாக 20 யூரோ கட்ட வேண்டும் என்கிறார்கள். நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை, ஆனால் நாத்தனார் குடும்பம் இத்தாலி போகிறது, அவர்களுக்காகவும் கேட்கிறேன். மொத்தச் செலவில் பத்து சதவீதம் என்று பொதுவாக ஒதுக்கிவிட்டால் போதுமா?

கூடலூர்க்காரன்

பத்து சதவீதக் கணக்கு வேண்டாம் அக்கா. மலேசியாவுக்கு அது ரொம்ப அதிகம். பூட்டானுக்கு, நீங்கள் சிக்கனமாகத் தங்கினால், பத்தாது.

அரவங்காடு ரிட்டயர்ட்

பானும்மா, உங்கள் ஊருக்கு ஒரு கார் ஏறி வந்தால் எத்தனை கை நீள்கிறது என்று ஒருதரம் யோசித்துப் பாருங்கள். இ-பாஸ் அரசு இணையதளத்தில், அதற்குக் காசு இல்லை. வெள்ளி நீர்வீழ்ச்சி பக்கத்தில் நகராட்சி டோல். தூண்பாறை, குணா குகைப் பக்கம் வனத்துறை. பிரையண்ட் பூங்காவில் தோட்டக்கலைத் துறை. ஏரியில் படகுக்குத் தனி. பார்க்கிங் குத்தகைக்காரரிடம். சென்னையிலிருந்து வருகிறவர் "கொடைக்கானலுக்கு நுழைவுக் கட்டணம் எவ்வளவு?" என்று கேட்டால் ஒரே எண்ணில் பதில் சொல்வீர்களா?

வெளிநாட்டிலும் இதே கதைதான். எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் யார் வசூலிக்கிறார்கள் என்று கேளுங்கள். அது தெரிந்தால் எப்போது, எங்கே, எந்தக் காசில் கட்டுவது என்பது தானாக விளங்கிவிடும்.

நாடு வசூலிப்பது பெரும்பாலும் விசாவோடோ விமான டிக்கெட்டோடோ வரும். ஜப்பான் 2019 ஜனவரியில் புறப்பாட்டு வரி என்று 1,000 யென் போட்டது. அது டிக்கெட்டுக்குள்ளேயே இருந்ததால் கட்டியவர்களில் பாதிப் பேருக்குக் கட்டினோம் என்றே தெரியாது. நியூசிலாந்து 35 டாலராக இருந்த பார்வையாளர் லெவியை 2024 அக்டோபரில் 100 நியூசிலாந்து டாலராக ஏற்றியது, விசா விண்ணப்பத்தோடு போய்விடும். மாலத்தீவின் புறப்பாட்டு வரியும் டிக்கெட்டில் சேர்ந்ததுதான். இந்த வகையை பட்ஜெட்டில் மறுபடி எழுதாதீர்கள், இரட்டைக் கணக்கு ஆகிவிடும்.

நகரமோ மாநிலமோ வசூலிப்பது பெரும்பாலும் ஓட்டல் ரிசப்ஷனில் வரும். ஆட்களைத் தடுமாற வைப்பது இதுதான், ஏனென்றால் ஆன்லைனில் பணம் கட்டியதும் ரூம் விவகாரம் முடிந்தது என்று நினைத்திருப்போம். மூன்றாவது, கோயில், மலை, தேசியப் பூங்கா வாசலில் கட்டுவது. அது நமக்குப் பழகியதே.

அடுத்து, இரண்டாவது வகைக்குள்ளேயே மூன்று தினுசு உண்டு. ஆளுக்கு இவ்வளவு, அறைக்கு இவ்வளவு, வாடகையில் இத்தனை சதவீதம். ஐந்து பேர் போகிறவர்களுக்கு ஆள் கணக்குதான் வலிக்கும். ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் வாடகையில் 12.5 சதவீதம். 150 யூரோ அறை என்றால் இரவுக்கு 18.75 யூரோ வரி. அங்கே மலிவான அறை எடுத்தால் வரியும் இறங்கும். ரோமில் ஓட்டலின் நட்சத்திரத்தை வைத்து ஆளுக்கு இவ்வளவு. அதே நட்சத்திரத்தில் எவ்வளவு தள்ளுபடி கிடைத்தாலும் வரி அப்படியே நிற்கும்.

ஊட்டி வர்க்கி

ஐயா சொல்வது சரி. 20 யூரோ விஷயம் யாராவது விளக்குங்கள், என் ஆபீஸ் குரூப்பிலும் அந்த வீடியோதான் சுற்றுகிறது.

குன்னூர் டீத்தூள்

அந்த 20 யூரோ இடியாஸ் என்கிற முன் அனுமதிக்கு. விசா இல்லாமலே ஐரோப்பாவுக்குள் போகக்கூடிய நாட்டவர்களுக்கானது. இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது) வேண்டும், விசா எடுத்தவருக்கு இடியாஸ் தேவையில்லை. நாம் கட்டுவது விசா கட்டணம்: 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல் தனி.

பானு, உங்கள் நாத்தனாருக்கு இத்தாலி பற்றி. அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம், ரோமில் ஒரு மூன்று நட்சத்திர ஓட்டல். புக்கிங் பக்கத்தில் மொத்தத் தொகை பெரிதாகத் தடித்த எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே, பார்த்தும் பார்க்காத மாதிரி சாம்பல் நிறத்தில், "நகர வரி இதில் சேரவில்லை, ஓட்டலில் செலுத்தவும்" என்று ஒரு குறிப்பு. நான் அதை முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். காலி செய்கிற அன்று ரிசப்ஷன் பெண் பாஸ்போர்ட் நகல்களைப் புரட்டி வயதைப் பார்த்தார், கால்குலேட்டரில் தட்டினார், 96 என்று எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். நான்கு பேர், நான்கு இரவு, ஆளுக்கு 6 யூரோ. ரூம் பில்லில் அதைச் சேர்க்கவில்லை. நகராட்சிக்கான ரசீது என்று தனியாக ஒரு சின்னத் தாள், நோட்டாகத் தந்தால் நல்லது என்றார். யூரோ நூறு ரூபாயைச் சுற்றி நிற்கிறது, ஆக பத்தாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் முன்னே பின்னே. அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! பச்சைத் தேயிலை கிலோ என்ன விலை போகிறது என்று வழியெல்லாம் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ரோமில் நான்கு நட்சத்திரம் என்றால் 7.50, ஐந்து என்றால் 10. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கிடையாது. ஒரே ஓட்டலில் பத்து இரவு வரைதான் வாங்குவார்கள்.

வெனிஸ் கொஞ்சம் வேறு. 2024 ஏப்ரல் 25 முதல் பகலில் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். எல்லா நாளும் கிடையாது, கூட்டம் கூடுகிற குறிப்பிட்ட நாட்களில் மட்டும், காலை 8.30 முதல் மாலை 4 வரை. 2024-ல் 29 நாள், 2025-ல் 54 நாள். 2025-ல் முன்கூட்டியே கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் என்றால் 10. பதினான்கு வயதுக்குக் கீழே விலக்கு. வெனிஸிலேயே இரவு தங்குகிறவருக்கு இந்தக் கட்டணம் கிடையாது, அவர் ஓட்டலில் தங்கும் வரி கட்டிவிடுகிறார். பக்கத்து மெஸ்த்ரேயில் மலிவாக ரூம் எடுப்பவர்களும் அதே மாநகராட்சிக்குள் இருப்பதால் விலக்கு உண்டு. ஆனால் விலக்கு என்று இணையதளத்தில் பதிந்து ஒரு கியூஆர் கோடு வாங்கி போனில் வைத்திருக்க வேண்டும்.

பூம்பாறைப் பூண்டு

பூட்டானை நான் எடுத்துக்கொள்கிறேன், போய்வந்த சூடு இன்னும் ஆறவில்லை.

பானு அக்கா, 200 டாலர் என்பது பழைய கதை, அதுவும் நமக்கு இல்லை. முன்பு 65 டாலராக இருந்ததை 2022 செப்டம்பரில் எல்லையைத் திறந்தபோது 200 ஆக்கினார்கள். ஆள் வரத்து குறைந்ததும் 2023 செப்டம்பரில் 100 ஆகக் குறைத்தார்கள். இந்தியர்களுக்கு எப்போதும் தனிக் கணக்கு: ஆளுக்கு ஒரு இரவுக்கு 1,200 ரூபாய். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பாதி, அதற்குக் கீழே இல்லை. அவர்கள் நாணயமும் நம் ரூபாயும் ஒன்றுக்கு ஒன்று, அதனால் மாற்று விலை பற்றிக் கவலை வேண்டாம்.

உங்களுக்கு: பெரியவர்கள் மூவர், ஐந்து இரவு, 18,000. பிள்ளைகள் இருவருக்கும் 6,000. மொத்தம் 24,000. இது வரி மட்டும். ரூம், வண்டி, வழிகாட்டி எல்லாம் வேறு. தக்சாங் மடம், சில ஜோங்குகள் (கோட்டை மடங்கள்), அருங்காட்சியகம் இவற்றுக்கு வாசலில் தனி டிக்கெட்.

இங்கே ஒரு சூட்சுமம். கட்டணம் இரவுக்கு. ஜெய்கானில் இந்தியப் பக்கம் தங்கி, பகலில் பூட்டான் பக்கத்து எல்லை ஊரான புன்ட்ஷோலிங்கை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பினால் இந்த 1,200 கிடையாது. ஆகவே ரயிலில் போகிறவர்கள் முதல் இரவை ஜெய்கானில் கழித்துவிட்டுக் காலையில் எல்லை தாண்டுவது லாபம். ஐந்து பேருக்கு ஒரு இரவு என்றால் 4,800 மிச்சம். அப்புறம், அண்ணன் டாக்சிக்காரர் என்பதால் சொல்கிறேன், சொந்த வண்டியில் போகிற யோசனை இருந்தால் மறந்துவிடச் சொல்லுங்கள். இந்திய வண்டி உள்ளே போக நாளுக்கு 4,500 ரூபாய். எல்லையில் வண்டியை விட்டுவிட்டு அங்கே உள்ளூர் டாக்சி எடுப்பதுதான் எல்லோரும் செய்வது.

என்னைக் கேட்டால் அந்த 1,200 கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. பாரோவில் காலை ஏழு மணிக்கு ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்கவில்லை. நம்ம ஊரில் மே மாதம் மூஞ்சிக்கல்லில் நின்று பாருங்கள்.

டிஎன்43 டிரைவர்

பூண்டு தம்பி கடைசியாகச் சொன்னதில்தான் என் வயிற்றெரிச்சல். குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் பசுமை வரி கேட்டால் இறங்கிச் சண்டை போடுகிற பார்ட்டிகளை வருடம் முழுக்கப் பார்க்கிறேன். "என்னத்துக்கு வரி, ரோடு போடவா?" என்று கேட்பார்கள். அதே ஆள் ஏறி உட்கார்ந்ததும் சுவிட்சர்லாந்தில் குப்பையே இல்லை என்று பெருமை பேசுவார். வாட்டர் பாட்டிலைப் பிடுங்கினால் அதற்கும் கோபம்.

2024 மே 7-ல் இருந்து இ-பாஸ். 2025 ஏப்ரலில் இருந்து நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று ஐகோர்ட் சொன்னது. இத்தனைக்கும் இ-பாஸ் இலவசம். ஒரு நூறு ரூபாய் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

கூடலூர்க்காரன்

நூறு ரூபாய் வைத்தால் பைக்கில் வருகிற கோயம்புத்தூர்ப் பையன் வரமாட்டான், ஃபார்ச்சூனரில் வருகிறவர் வருவார். டீக்கடை வைத்திருப்பவரைக் கேளுங்கள், யார் வந்தால் கல்லா நிறைகிறது என்று. பூட்டான் மாதிரி பணக்காரர்களை மட்டும் வடிகட்டுகிற வேலை நம் மலைக்கு ஒத்துவராது.

டிஎன்43 டிரைவர்

பைக்குக்கு விலக்கு கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? வசூலிக்கிற காசு எங்கே போகிறது என்று ஒரு போர்டு வைத்தால் பாதி சண்டை குறையும். என் மச்சான் பையன் ஜெர்மனியில் பிளாக் ஃபாரஸ்ட் பக்கம் படிக்கிறான். அங்கே தங்கும் வரி கட்டினால் கோனுஸ் என்று ஒரு அட்டை தருகிறார்களாம், அதைக் காட்டி பஸ், ரயில் எல்லாம் சும்மாவே போகலாம். கொடுத்ததற்குக் கையில் ஏதோ வருகிறது பாருங்கள்.

நிர்வாகி

இ-பாஸ் விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடரவும். கோனுஸ் தகவல் பயனுள்ளது, அதோடு ஒன்று: சுவிட்சர்லாந்தில் பாசல், ஜெனீவா, லோசான் நகரங்களிலும் ஓட்டலில் தங்கினால் உள்ளூர்ப் போக்குவரத்து அட்டை இலவசம். செக்-இன் செய்யும்போதே கேட்டு வாங்கவும். அது தெரியாமல் டே பாஸ் வாங்கினால் அதுதான் நஷ்டம்.

பாக்கேஜ் பாண்டி

நானும் இந்தத் தொழிலில் இருப்பவன்தான். பானு மேடம், எதற்கு இந்தத் தலைவலி? பாக்கேஜ் எடுங்கள், எல்லா வரியும் உள்ளடக்கம். ஒரே தொகை, கையில் சல்லிக்காசு இல்லாமல் போய்வரலாம்.

அரவங்காடு ரிட்டயர்ட்

பாண்டி தம்பி, உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் "உள்ளடக்கம்" என்று வாயால் சொல்வதும் கொட்டேஷனில் எழுதுவதும் ஒன்றில்லை. எனக்கு ஒரு முறை வந்த கொட்டேஷனில் முதல் பக்கம் முழுக்க என்னென்ன சேரும் என்று வண்ண வண்ணமாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் சேராதவை. அதில் "நேரடியாகச் செலுத்தும் உள்ளூர் வரிகள்" என்று ஒரு குறிப்பு. பேர் வேண்டாம், பழைய கதை. பானும்மா, பாக்கேஜ் எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். படித்துவிட்டு, இந்தந்த ஊரில் தங்கும் வரி சேர்ந்ததா என்று வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இன்னொன்று டிசிஎஸ், அதாவது விற்கிறவரே முன்கூட்டிப் பிடிக்கிற வருமான வரி. வெளிநாட்டு டூர் பாக்கேஜ் விற்கிறவர் சட்டப்படி அதைப் பிடித்தாக வேண்டும். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது, பில் போடுகிற அன்று என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது செலவில் சேராது. உங்கள் பான் எண்ணின் வரிக் கணக்கில் வந்து உட்காரும், ரிட்டர்ன் போட்டால் வரியில் கழியும், கட்ட வேண்டிய வரி இல்லையென்றால் திரும்ப வரும். ஆனால் புறப்படுகிற நேரத்தில் கையில் இருக்க வேண்டிய பணம் அது. பட்ஜெட்டில் வேறு, கைக்காசில் வேறு.

பாக்கேஜ் பாண்டி

ஐயா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். நான் கொடுக்கிற கொட்டேஷனில் கட்டாயம் எழுதித் தருவேன். பூட்டானுக்கு அந்த 1,200 சேர்த்தா சேர்க்காமலா என்று எல்லா ஏஜென்ட்டிடமும் கேளுங்கள் மேடம். சேர்க்காமல் போடுகிறவர் விலை எப்போதும் குறைவாகத்தான் தெரியும்.

துபாயில் கோத்தகிரி

இங்கே ஆஸ்பத்திரியில் வேலை, லீவு கிடைக்கும்போது பக்கத்து நாடுகள் போவேன். பானு அக்கா பட்டியலில் மீதி இரண்டையும் சொல்கிறேன்.

மலேசியா: வெளிநாட்டவருக்கு ஒரு அறைக்கு ஒரு இரவுக்கு 10 ரிங்கிட். 2017 செப்டம்பரில் வந்தது. அறைக் கணக்கு, எத்தனை பேர் என்று பார்ப்பதில்லை. உங்களுக்கு இரண்டு அறை, ஐந்து இரவு, 100 ரிங்கிட். ரிங்கிட் 20 ரூபாய்க்கு மேலே நிற்கிறது, இரண்டாயிரத்துச் சொச்சம். சில புக்கிங் தளங்கள் அப்போதே பிடித்துவிடும், சிலவற்றில் கவுன்டரில் கட்டணும். கட்டியிருந்தால் அந்த ரசீதைக் காட்டுங்கள், இரண்டு தடவை போய்விடக் கூடாது. இந்தியர்களுக்கு 2026 கடைசி வரை விசா வேண்டாம் என்பதால் அந்தச் செலவும் இல்லை.

பாலி: 2024 பிப்ரவரி 14 முதல் ஆளுக்கு 1,50,000 ரூபியா. எத்தனை நாள் தங்கினாலும் ஒரே தடவைதான், ஆனால் பாலியை விட்டு இந்தோனேசியாவுக்கு வெளியே போய்த் திரும்பி வந்தால் மறுபடியும். பிள்ளைகளுக்கும் உண்டு. ஐந்து பேருக்கு 7,50,000, கேட்கவே பயமாக இருக்கும், நம்ம காசுக்கு நாலாயிரம்தான். பெரிய செலவு விசா: இறங்கியதும் எடுப்பது ஆளுக்கு 5,00,000 ரூபியா, ஐந்து பேருக்குப் பதின்மூவாயிரத்தைச் சுற்றி வரும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். லெவி கட்டுகிற இணையதளத்தின் பெயர் லவ் பாலி. கூகுளில் தேடினால் அதே மாதிரி முகப்போடு தரகர் தளங்கள் மேலே வந்து நிற்கும், கட்டணத்தை ஏற்றி வாங்குவார்கள். இந்தோனேசிய அரசுத் தளம் என்றால் முகவரி கோ புள்ளி ஐடி என்று முடியும், அதைப் பார்த்துவிட்டுக் கார்டு நம்பர் போடுங்கள்.

துபாய் வழியாக யாராவது போனால்: இங்கேயும் அறைக் கணக்குதான், டூரிசம் திர்ஹம் என்று பெயர். 2014-ல் இருந்து இருக்கிறது. நாலு நட்சத்திரம் என்றால் இரவுக்கு 15 திர்ஹம், ஐந்து என்றால் 20. என் சித்தி பையன் வந்தபோது, ஒன்பது பேரும் மூன்று அறையில் அடைந்துகொண்டு, ஆள் கணக்காக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பேசிச் சிரித்தார்கள்.

சிங்கப்பூரில் டூரிஸ்ட் டாக்ஸ் என்று தனியாக இல்லை. ஆனால் ஓட்டல் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் 10 சதவீதம் சர்வீஸ், அதன் மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி ஏறும். கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸில் ஒரு எட்டு போகிற ஆசை வரும், அதனால் சொன்னேன்.

வரியைக் கார்டில் கட்டும்போது மெஷின் "ரூபாயிலா, உள்ளூர்க் காசிலா?" என்று கேட்கும். உள்ளூர்க் காசு என்றே தட்டுங்கள். ரூபாய் என்று தட்டினால் அவர்கள் போடுகிற மாற்று விலைதான், அதில் நன்றாகவே தீட்டுவார்கள்.

நீலக்குறிஞ்சி

மாலத்தீவு யாரும் சொல்லவில்லையே, கொச்சியிலிருந்து நம் ஆட்கள் நிறையப் போகிறார்கள். 2025 ஜனவரி முதல் பசுமை வரி இரட்டிப்பு. ரிசார்ட்டில் ஆளுக்கு இரவுக்கு 12 டாலர். உள்ளூர் மக்கள் வாழும் தீவில், 50 அறைக்குள் இருக்கிற சின்ன விருந்தினர் விடுதி என்றால் 6 டாலர். தம்பதியாக நான்கு இரவு போனால் 96-க்கும் 48-க்கும் உள்ள வித்தியாசம். அதற்கு மேல் சாப்பாடு, படகு எல்லாவற்றிலும் சுற்றுலா ஜிஎஸ்டி 17 சதவீதம் ஏறும்.

நேபாளத்துக்கு மலையேறப் போகிறவர்களுக்கு: அன்னபூர்ணா பகுதி அனுமதி வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய், சார்க் நாட்டவருக்கு 1,000. நம் காசில் 625 தான். ஐடியை முதலிலேயே நீட்டிவிடுங்கள். பசுபதிநாதர் கோயிலில் இந்தியர்களுக்குக் கட்டணமே கிடையாது.

ஊட்டி வர்க்கி

கியோட்டோ போக ஆசை. 2026 மார்ச்சிலிருந்து தங்கும் வரி ஒரு இரவுக்கு 10,000 யென் என்று செய்தி பார்த்தேன், அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

நீலக்குறிஞ்சி

திறந்து வையுங்கள். பத்தாயிரம் என்பது ஆளுக்கு இரவுக்கு ஒரு லட்சம் யென்னும் அதற்கு மேலும் வாடகை கொடுக்கிறவருக்கு. 6,000 யென்னுக்குள் தங்கினால் 200, அதற்கு மேல் 20,000 யென்னுக்குள் என்றால் 400. வர்க்கி தின்று வளர்ந்த நாம் எந்த வரிசையில் வருவோம் என்று உங்களுக்கே தெரியும். செய்தித் தலைப்பில் எப்போதும் உச்ச விலையைத்தான் போடுவார்கள்.

கூடலூர்க்காரன்

தாய்லாந்து 300 பாட்?

துபாயில் கோத்தகிரி

வருகிறது வருகிறது என்று வருடக்கணக்கில் சொல்லித் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். டிக்கெட் போடுகிற வாரத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், இப்போதே எழுதி வைக்க வேண்டாம். அங்கே நிஜமாகக் கட்டுவது தீவுகளுக்குப் போகும்போது தேசியப் பூங்காக் கட்டணம். பீபீ, மாயா பே பக்கம் வெளிநாட்டுப் பெரியவருக்கு 400 பாட். படகு டூர் விலையில் அது சேர்ந்ததா என்று ஏறுவதற்கு முன் கேட்கணும், பல போர்டுகளில் சேர்க்காமல்தான் எழுதியிருப்பார்கள்.

பெருமாள்மலை பானு

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி கடையை மூடிவிட்டு நோட்டை எடுத்து வைத்து எழுதினேன். அரவங்காடு ஐயா சொன்னபடி நாடு, ஊர், வாசல் என்று பிரித்தேன். மலேசியா: விசாவுக்கு ஒன்றுமில்லை, ஓட்டலில் இரண்டாயிரத்துச் சொச்சம், வாசலுக்குப் பிள்ளைகள் கேட்பதைப் பொறுத்து. பாலி: நாட்டுக்குப் பதின்மூவாயிரம், ஊருக்கு நாலாயிரம். பூட்டான்: 24,000, ஒரு இரவு ஜெய்கானில் என்றால் 19,200, வாசல் டிக்கெட் வேறு.

அவர் நோட்டைப் பார்த்துவிட்டு, திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேராகவே பிளேன் இருக்கிறது, பூட்டானை அம்மா இல்லாமல் நாம் இரண்டு பேர் மட்டும் ஒரு நாள் போவோம் என்றார். இரண்டு பேருக்கு நாலு இரவு 9,600 என்று உடனே நான் கணக்குச் சொன்னதும் பேச்சை மாற்றிவிட்டார். ஆக மலேசியா.

இரண்டு கேள்வி பாக்கி. மாமியாருக்கு மூட்டு வலி, பத்துமலையில் படி ஏற முடியுமா தெரியவில்லை. அங்கே நுழைவு டிக்கெட் உண்டா? நாத்தனார் கேட்கிறாள், ரோமில் வரிக்கு யூரோவை நோட்டாக எவ்வளவு வைத்திருப்பது?

துபாயில் கோத்தகிரி

பத்துமலைப் பெரிய குகைக்கோயிலுக்கு டிக்கெட் கிடையாது. 272 படி. ஏறாவிட்டாலும் பரவாயில்லை, 140 அடி முருகன் கீழேதான் நிற்கிறார், கீழேயே கோயில்களும் இருக்கின்றன, அம்மாவை அங்கே உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஏறலாம். பக்கத்தில் ராமாயணக் குகைக்கு மட்டும் தனிக் கட்டணம்.

அங்கே போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை ஐந்து பேருக்கும் நிரப்புங்கள். அது இலவசம். காசு கேட்கிற தளம் வந்தால் மூடிவிடுங்கள்.

குன்னூர் டீத்தூள்

நாத்தனாருக்கு: பெரியவர்கள் எண்ணிக்கை, இரவு எண்ணிக்கை, அந்த ஓட்டலின் நட்சத்திரத் தொகை மூன்றையும் பெருக்கி, அதை மட்டும் ஒரு கவரில் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஐந்து, பத்து யூரோ நோட்டாகக் கேட்டு வாங்கணும். கார்டும் பல இடத்தில் வாங்குகிறார்கள், அப்படி வாங்கினால் கவரில் இருப்பது வெனிஸில் காபிக்கு ஆகும். வீடு பிடித்துத் தங்குவதாக இருந்தால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே மெசேஜில் கேட்கட்டும், வரி அங்கேயும் உண்டு, தொகை வேறாக இருக்கும்.

டிஎன்43 டிரைவர்

பானு அக்கா, அண்ணன் வண்டியைத் திருச்சி ஏர்போர்ட்டில் ஐந்து நாள் நிறுத்தப் போகிறாரா? அந்தப் பார்க்கிங்கை யாரும் எழுதவில்லை.

பெருமாள்மலை பானு

இல்லை அண்ணா, திண்டுக்கல்லில் தங்கச்சி வீட்டு வாசலில் விட்டுவிட்டு அங்கிருந்து பஸ்.